லேன் வயரில் வரும் சங்கீதம்

2009ஆம் ஆண்டோடு சிடி பிளேயர் தயாரிப்பதை நிறுத்திவிடுவதாக ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் அறிவித்தது. அறிவித்தவர்கள் யார் என்பதுதான் இதில் விசேஷம். கிளாஸ்கோவில் ஐவர் டீஃபென்ப்ரன் தொடங்கிய லின், 1970களின் தொடக்கத்தில் வந்த சொண்டெக் எல்பி12 என்ற டர்ன்டேபிளால் பெயர் வாங்கியது. நல்ல ஒலிக்கு நல்ல ஸ்பீக்கர் போதும் என்று பலரும் நம்பிய காலத்தில், முதலில் கவனிக்க வேண்டியது மூலக் கருவியைத்தான் என்று ஐவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து எடுக்கும்போது தொலைந்துபோனதை அதற்குப் பின்னால் வரும் எந்த ஆம்ப்ளிஃபயரும் மீட்டுத் தராது என்பது அவர் வாதம். அந்த வாதத்தை வைத்தே ஒரு தலைமுறை ரசிகர்களை அவர் உருவாக்கினார்.

அதே நிறுவனம் 2007இல் கிளைமாக்ஸ் டிஎஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. தட்டு வைக்க அதில் இடமே கிடையாது. பின்புறம் ஒரு லேன் துளை இருக்கும். வீட்டில் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பாட்டு வயர் வழியாக வந்து சேரும், பெட்டி அதை ஒலியாக்கும்.

சரி, இப்போது ஐவர் சொன்ன அந்த ‘மூலம்’ எது? ஹார்ட் டிஸ்க்கா, சர்வர் மென்பொருளா, ரவுட்டரா, ஸ்விட்ச்சா, வயரா, கடைசியில் இருக்கும் பெட்டியா? இவை ஒவ்வொன்றுக்கும் ‘ஆடியோஃபைல் தரம்’ என்ற முத்திரை குத்திய ஒரு விலையுயர்ந்த வடிவம் இன்று கடையில் உண்டு. இருபது ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்ட நிலையில், எதற்குக் காசு தகும், எதற்குத் தகாது என்று கணக்குப் பார்க்க முடியும்.

அளவிலிருந்து தொடங்கலாம். சோனியும் பிலிப்ஸும் 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட், அதாவது 1.4 மெகாபிட். ‘ஹை-ரெஸ்’ என்று விற்கப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கு 9.2 மெகாபிட். எஸ்ஏசிடி என்ற உயர்தரத் தட்டுகளில் உள்ள டிஎஸ்டி வடிவத்துக்கு 5.6 மெகாபிட். வீட்டில் இருக்கும் மிகப் பழைய, மிக மலிவான லேன் இணைப்பே 100 மெகாபிட் தாங்கும். பக்கத்து அறையில் பிள்ளைகள் 4கே படம் பார்த்தால் நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். ஆக, வீட்டு நெட்வொர்க்குக்கு சங்கீதம் ஒரு சுமையே இல்லை.

வேகம் போதும், வழியில் பிட்டுகள் கெட்டுப்போகாதா என்று அடுத்து கேட்பார்கள். கோப்பு துண்டு துண்டாகத்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு துண்டும் தன் சரிபார்ப்பு எண்ணைச் சுமந்து வருகிறது. எண் பொருந்தாவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும், அனுப்பியவர் திரும்ப அனுப்புவார். வங்கிக் கணக்கும் வருமான வரிப் படிவமும் இதே ஏற்பாட்டில்தான் போய் வருகின்றன. வயர் மோசமானால் பாட்டு நிற்கும், விக்கும். ஆனால் வயலின் கொஞ்சம் மங்கலாகவும் மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் தளர்ந்தும் கேட்பது என்ற ஒன்று இந்த ஏற்பாட்டில் கிடையாது. ரெக்கார்டின் கீறலும் கேசட்டின் இரைச்சலும் பழகிய காதுக்கு இது நம்ப முடியாததாக இருப்பது இயல்பு. அந்தக் காலத்தில் பாதை கெட்டால் பண்டமும் சேர்ந்து கெட்டது.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பெட்டிகள் பெரும்பாலும் சில நொடிப் பாட்டையாவது முன்கூட்டியே வாங்கித் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், சில பெட்டிகள் பாட்டு முழுவதையுமே. பாடிக்கொண்டிருக்கும்போது லேன் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பாட்டு தொடரும். அந்த நேரத்தில் ஒலிக்கும் இசையோடு வயருக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அது தரையில் கிடக்கிறது. பிடுங்கிய கணத்தில் ஒலி மேம்பட்டதா, குறைந்ததா? கண்ணை மூடிக்கொண்டு, பிடுங்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுக் கேளுங்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்போது பிடுங்கினார்கள் என்று ஒருமுறைகூடச் சொல்ல முடிந்ததில்லை.

எதிர்த் தரப்பில் விஷயம் தெரிந்தவர்கள் பிட் கெடுகிறது என்று வாதிடுவதில்லை. வயரில் பிட்டோடு சேர்ந்து மின் இரைச்சலும் ஏறி வருகிறது, அது பெட்டிக்குள் நுழைந்து எண்ணை ஒலியலையாக்கும் நுண்ணிய சுற்றைத் தொந்தரவு செய்கிறது என்கிறார்கள். கொள்கையளவில் இதை மறுக்க முடியாது. ஆனால் லேன் துளைக்குப் பின்னால் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1500 வோல்ட் வரை தாங்கி இரு பக்க மின்சுற்றையும் பிரித்து வைப்பது அதன் வேலை. அதை மீறிக் கொஞ்சம் இரைச்சல் கசியலாம். உலோக உறை போட்ட வயரை இரு முனையிலும் உலோகத் தலையோடு மாட்டினால் இரண்டு கருவிகளின் எர்த்தும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வருவதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த உலோக உறை வயர்தான் அதிக விலை. உறை இல்லாத சாதாரண வயரில் இந்தத் தொல்லை வராது. அப்படியும் மனம் கேட்காதவர்கள் நடுவில் இரண்டு மீட்டர் கண்ணாடி இழையைப் போட்டுக்கொள்ளலாம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. பல லட்சம் ரூபாய் பெட்டியின் ஒலி ஒரு வயரை மாற்றியதும் மாறுகிறது என்றால், குற்றம் வயருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியைச் சரியாகச் செய்யவில்லை.

பழைய சிடி அமைப்பைவிட நெட்வொர்க் மேலானது என்று சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. தட்டைச் சுழற்றும் பெட்டி ஒன்று, ஒலியாக்கும் டிஏசி பெட்டி இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒரு டிஜிட்டல் வயரால் இணைத்தார்கள். அந்த வயரில் எண்களோடு தாளக்கணக்கும் சேர்ந்தே வரும். அனுப்புகிறவரின் கடிகாரம் நடுங்கினால் வாங்குகிறவரும் நடுங்குவார். இந்த நடுக்கத்தைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். நெட்வொர்க்கில் எண்கள் மட்டும் மூட்டையாக வந்து இறங்குகின்றன. எந்தக் கணத்தில் எந்த எண் என்று முடிவு செய்வது, டிஏசி சில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடிகாரம். மூலம் எது என்ற கேள்விக்குப் பதில் இங்கே பாதி கிடைத்துவிடுகிறது. அந்தக் கடிகாரம் மூலத்தின் ஒரு பாதி. மறுபாதி கோப்பு.

கோப்பைப் பற்றிய சண்டைகள் இன்னும் சுவாரஸ்யமானவை. ஜாஷ் கோல்சன் 2001இல் வெளியிட்ட ஃபிளாக் வடிவம் ஒரு பிட்கூடத் தொலைக்காமல் கோப்பை ஏறக்குறைய பாதியாகச் சுருக்குகிறது. ஆயிரம் சிடி 400 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஃபிளாக்கைவிட சுருக்காத வேவ் கோப்பு இனிமையாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. விரித்தால் இரண்டும் ஒரே எண்கள்தான். அதை விட்டுவிடலாம்.

ஹை-ரெஸ் விவகாரத்தை அப்படி ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதில் கால்பங்கும் போயிருக்கும். நைக்விஸ்ட்டும் ஷானனும் நிறுவிய கணக்குப்படி 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம் இதற்குப் போதும். பாஸ்டனைச் சேர்ந்த மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி ஒலியையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை. காசைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜாஷுவா ரைஸ், அதுவரை நடந்த 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். சரியான விடை 52.3 சதவீதம். புள்ளியியலின்படி அது தற்செயல் இல்லை. பயிற்சி பெற்ற காதுகளுக்கு விகிதம் இன்னும் கூடியது. இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: வித்தியாசம் இருக்கலாம், ஆனால் அது வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுழலும்போது கேட்கும் அளவுக்குப் பெரியது அல்ல.

இந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல் பெரிய வியாபாரங்கள் எழும்பி விழுந்தன. பாடகர் நீல் யங் 2014இல் பொதுமக்களிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி போனோ என்ற முக்கோணக் கருவியைச் செய்தார். 2017இல் கடை சாத்தப்பட்டது. மெரிடியன் நிறுவனத்தின் பாப் ஸ்டூவர்ட் முன்வைத்த எம்க்யூஏ, ஹை-ரெஸ் ஒலியைச் சின்னக் கோப்பில் மடித்து வைப்பதாகச் சொல்லிக்கொண்டது. அதை விரிக்க உரிமம் பெற்ற கருவி வேண்டும். டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவை 2017இல் அதை ஏற்றது. 2023இல் எம்க்யூஏ நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது, 2024இல் டைடல் அதை முழுக்கக் கைவிட்டு ஃபிளாக்குக்குத் திரும்பியது. நடுவில் எம்க்யூஏ விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகவே டிஏசி மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

மாதிரி வேகத்தைவிட மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலிச் சீரமைப்பு முக்கியம். மெட்டாலிகா ராக் குழுவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் 2008இல் வந்தபோது சிடியில் ஒலி முழுக்க உச்சத்தில் நசுங்கிக் கிடந்தது. அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமில் நசுங்காமல் வந்திருந்தன. ரசிகர்கள் கேமிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துக் கேட்டார்கள். நசுங்கியதை 24 பிட்டில் விற்றாலும் அது நசுங்கியதுதான். 2022இல் வேறொரு கதை வெளியானது. அனலாக் தூய்மைக்குப் பெயர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்பி தட்டுகள் பலவற்றில் பல ஆண்டுகளாக டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி நடுவில் இருந்திருக்கிறது. டிஜிட்டலை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொன்ன காதுகள் அந்தத் தட்டுகளைத்தான் ஆஹா என்று புகழ்ந்துகொண்டிருந்தன. நம் பழைய திரைப்பாடல்களுக்கும் இது பொருந்தும். ஒரே பாட்டு நாலு தொகுப்பில் நாலு விதமாக ஒலிக்கும். எது நல்ல நகல் என்று தேடி எடுப்பதில் செலவிடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த வயரையும்விட அதிகப் பலன் தரும்.

இதுவரை ஒலிக்கணக்கு. ஆனால் நெட்வொர்க் சங்கீதத்தை வீட்டில் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் முதலில் புலம்புவது ஒலியைப் பற்றி இருக்காது. “பெட்டி ஆப்பில் தெரியவே மாட்டேங்குது சார்” என்பார்.

பழைய யுபிஎன்பி முறையில் மூன்று பாத்திரங்கள். கோப்பு வைத்திருக்கும் சர்வர், ஒலிக்கும் பெட்டி, கையில் உள்ள போன். மூன்றும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி ஒரு கூவல் விடுகின்றன. மலிவான வைஃபை ரிப்பீட்டர்களும் விருந்தினர் வைஃபையும் இந்தக் கூவலை அடுத்த பக்கம் கடத்தாமல் விழுங்கிவிடும். இணையம் வரும், யூடியூப் ஓடும், பெட்டி மட்டும் காணாமல்போகும். என் வீட்டில் ஆறு மாதம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. ஆலோசனை கேட்ட கடையில் வெள்ளி பூசிய லேன் வயர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, மின்கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிய வயரைக் கதவு நிலையோரம் இழுத்தேன். அதோடு தீர்ந்தது. நம் ஊர் செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் வைஃபையை நன்றாகவே தின்னும். அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் பெட்டிக்கு வயர்தான் உத்தமம். ஒலித் தரத்துக்காக இதைச் சொல்லவில்லை, ராத்திரி நிம்மதிக்காகச் சொல்கிறேன்.

போன் வகிக்கும் வேடத்தையும் கவனிக்க வேண்டும். ஆப்பிள் 2004இல் ஏர்டியூன்ஸ் என்று தொடங்கி 2010இல் ஏர்பிளே என்று பெயர் மாற்றிய முறையில் பாட்டு போன் வழியாகவே பாயலாம். போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறைகளில் போன் வெறும் ரிமோட். பெட்டி நேரடியாக சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும். முதலில் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பெட்டி வாங்குவது நல்லது.

நமக்கென்றே உள்ள தொல்லை ஒன்று, ராகம் தானம் பல்லவி. சிடியில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். தட்டில் அது தெரியாது, தம்புரா அறுபடாமல் ஓடும். கோப்பாக மாறியதும் டிராக்குக்கு டிராக் அரை நொடி மௌனம் விழுகிறது, தம்புரா துண்டாகிறது. அடுத்த பாட்டை முன்கூட்டியே பெட்டிக்குச் சொல்லிவைக்கும் வசதி யுபிஎன்பியில் கட்டாயமாக்கப்படவில்லை, விரும்பினால் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். சில தயாரிப்பாளர்கள் விரும்பவில்லை. பாப் பாட்டு கேட்பவருக்கு இது பெரிய குறையாகவே தெரியாது. நமக்குக் கச்சேரியே கெட்டுப்போகிறது. ‘கேப்லெஸ்’ உண்டா என்பதை விளம்பரத் தாளில் படிக்காமல், சொந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

அட்டவணை இன்னும் பெரிய தலைவலி. கலைஞர், ஆல்பம், டிராக் என்ற மூன்று கட்டம் மேற்கத்திய பாப் இசைக்காக வரைந்தது. திரைப்பாட்டில் ஆல்பம் என்பது படம். கலைஞர் என்ற கட்டத்தில் யாரை எழுதுவது? இளையராஜாவையா, எஸ். ஜானகியையா? கர்நாடக சங்கீதத்தில் சாகித்யகர்த்தா, ராகம், தாளம், பாடியவர், வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். சிடியைக் கணினியில் போட்டால் இணையத்திலிருந்து தானாக வரும் பெயர்களில் ஒரே தியாகராஜர் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக இருப்பார், நாலு பேராகப் பிரிந்து உட்கார்ந்திருப்பார். நகலெடுத்தது சரியா என்று உலகெங்கும் உள்ளவர்களின் நகலோடு ஒப்பிடும் ஆக்யூரேட்ரிப் என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது. என் சங்கீத சிடிகளில் பலவற்றுக்கு ஒப்பிட ஆளே இல்லை.

இதற்கு வழி ஃபிளாக்கிலேயே இருக்கிறது. அதில் விரும்பிய பெயரில் கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் ‘RAGA’ என்று ஒரு கட்டம் திறந்து, அதற்குள் ‘தோடி’ என்று தமிழிலேயே எழுதலாம். மினிம்சர்வர் போன்ற சர்வர்கள் அப்படிச் சேர்த்த கட்டத்தை வைத்தே அட்டவணை போட்டுத் தரும். வீட்டில் உள்ள தோடிகளையெல்லாம் ஒரே வரிசையில் பார்க்கிற சுகம், எந்தப் பெரிய சேவையும் இதுவரை எனக்குத் தராதது. என்ன, பெட்டியின் முகப்புத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் அரியக்குடி வெறும் கட்டம் கட்டமாகத் தெரிவார். போன் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆயுளைப் பற்றி. நல்ல ஆம்ப்ளிஃபயர் முப்பது ஆண்டு ஓடும். நெட்வொர்க் பெட்டி அதன் மென்பொருள் உயிரோடு இருக்கும்வரைதான் ஓடும். கூகுள் 2015இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற மலிவான, அருமையான வட்டை வெளியிட்டு 2019இல் நிறுத்தியது. 2025 மார்ச்சில், உள்ளே வைத்திருந்த பத்தாண்டுச் சான்றிதழ் காலாவதியானதால் அந்த வட்டுகள் உலகெங்கும் ஒரே நாளில் முடங்கின. கூகுள் சில நாட்களில் சரிசெய்து கொடுத்தது. சரிசெய்யாமல் விட்டிருந்தாலும் நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது. சோனோஸ் நிறுவனம் 2024 மே மாதத்தில் ஆப்பை அடியோடு மாற்றியது. பழகிய வசதிகள் காணாமல்போயின. வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு வைத்திருந்தவர்கள் அதைத் தேடி எடுக்கவே தடுமாறினார்கள். எதிர்ப்பு வலுத்து, 2025 ஜனவரியில் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2015இல் வந்த ரூன், சர்வர் மென்பொருள்களிலேயே அழகானது. 2022இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, வீட்டுக்குள் இருக்கும் பாட்டைக் கேட்கவும் இணையம் இருந்தாக வேண்டும் என்றது. வாடிக்கையாளர்கள் கூச்சல் போட்ட பிறகு பழைய பதிப்பையும் தனியாக விட்டுவைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் 2001இல் ஸ்லிம்பி3 என்ற சின்னப் பெட்டியைச் செய்தது, பின்னர் ஸ்க்வீஸ்பாக்ஸ் வந்தது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கி, 2012இல் பெட்டிகளை நிறுத்தியது. 2024இல் இணைய சேவையையும் மூடியது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. காரணம், அவற்றின் சர்வர் மென்பொருள் ஆரம்பம் முதலே திறந்த மூலம். ஆர்வலர்கள் அதை எடுத்துக்கொண்டு, லிரியான் என்று பெயர் மாற்றி, இன்றுவரை பராமரிக்கிறார்கள். பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ் பழுதானால் ஒரு ராஸ்பெரி பை அட்டை அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

என் கணக்கு இதுதான். காலாவதியாகும் பகுதியை மலிவாக வாங்குங்கள், காலாவதியாகாத பகுதியில் பணத்தைப் போடுங்கள். நெட்வொர்க் பகுதிக்கு ஒரு ராஸ்பெரி பையோ நடுத்தர விலை ஸ்ட்ரீமரோ போதும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற நேர்ந்தாலும் வலிக்காது. டிஏசியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கும், அதைவிட முக்கியமாக அறைக்கும் போகட்டும். மொசைக் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் கூடத்தில் ஒரு கனத்த ஜமுக்காளமும் ஒரு புத்தக அலமாரியும் செய்யும் மாற்றத்தை எந்த ஆடியோஃபைல் ஸ்விட்ச்சும் செய்யாது. எல்லாம் ஒரே பெட்டியில், அழகாக, ஒரே ரிமோட்டில் வேண்டும் என்று லின் போன்ற பெட்டியை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அழகுக்கும் ஒரு விலை உண்டு. வெள்ளி பூசிய வயருக்கு மட்டும் வேண்டாம். பாட்டைச் சொந்த டிஸ்க்கில் வையுங்கள், ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். மின்வெட்டு உள்ள ஊரில் அந்த டிஸ்க்குக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம்.

லின் எல்பி12 இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1970களில் வாங்கியதற்கும் புதிய பாகம் போட்டு ஓட்டலாம். நெட்வொர்க் பெட்டிக்கு அந்த ஆயுள் உறுதியில்லை. ஆகவே புதுப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க கம்பெனி சர்வரை நாளைக்கு மூடிட்டா, என் டிஸ்க்ல இருக்கிற பாட்டு இதுல பாடுமா?” கடைக்காரர் உடனே ஆமாம் என்றால், ரவுட்டரிலிருந்து இணைய வயரைக் கழற்றிவிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.